எடை மேடையில் போன முதல் பரிசு

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயப் பாதையில் ஒரு ஆகஸ்ட் மாத ஞாயிறு. மதியம் மூன்று மணி. எங்கள் வண்டி முதலாவதாகக் கொடியைத் தாண்டியது. இரண்டாவது வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு நொடி இடைவெளி. கோயம்புத்தூரில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்குத் தேசியப் போட்டியின் ஒரு சுற்றில் முதலிடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பையன்கள் கம்பி வேலியில் ஏறி நின்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. என் கண் வண்டியின் டயரில் இருந்தது.

பந்தயம் முடிந்ததும் முதல் சில வண்டிகளைப் பார்க் ஃபெர்மே என்கிற அடைப்புக்குள் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வண்டியை யாரும் தொடக்கூடாது. அங்கிருந்து ஒவ்வொன்றாக எடை மேடைக்குத் தள்ளிப்போவார்கள். எங்கள் பிரிவில் ஓட்டுநரையும் சேர்த்துத்தான் எடை. எங்கள் ஓட்டுநர், நான் தம்பி என்று கூப்பிடும் இளைஞன், ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தான். நான்கு சக்கரமும் மேடையில் ஏறின. எண் நின்றது. வண்டி விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் ஸ்க்ரூட்டினியர் குறித்துக்கொண்டார், வண்டியை இறக்கச் சொன்னார், மறுபடி ஏற்றச் சொன்னார். அந்த 'மறுபடி' என்ற சொல்லிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

விதி கேட்கும் குறைந்தபட்ச எடையைவிட 1.7 கிலோ குறைவு.

மூத்த ஸ்க்ரூட்டினியர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல்லை மேடையில் வைத்துக் காட்டினார். 20.0 என்று காட்டியது. "மேடை சரியாத்தான் இருக்கு தம்பி, நீங்களே பார்த்துக்கங்க" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில், தீர்ப்பு சொல்லும் அதிகாரிகளான ஸ்டூவர்ட்ஸ் அறையில் விசாரணை முடிந்தது. முடிவுத்தாளில் எங்கள் வண்டி எண்ணுக்கு எதிரே இடம் எதுவும் இல்லை. தகுதி நீக்கம்.

தம்பியின் அப்பா சோமனூரில் தறி போட்டிருப்பவர். அந்த வருடப் பந்தயச் செலவில் பாதி அவர் பணம். வெளியே நின்றிருந்த அவர் என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்: "நாம தப்பு ஏதாச்சும் பண்ணீட்டமாப்பா?" ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று தெரியாமல் நின்றேன். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடியதில்தான் இதை எழுதும் அளவுக்குக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

முதலில், எப்படிக் குறைந்தது என்று சொல்கிறேன். புதன்கிழமை பட்டறையில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் தனித்தனியாக வைத்து எடை பார்க்கும் கார்னர் ஸ்கேலில் நிறுத்தியபோது எங்கள் வண்டி விதியில் சொன்ன எடையைவிட 7 கிலோ அதிகம் இருந்தது. சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் முன்னால் இருந்த வண்டிக்கு நாங்கள் கால் நொடி பின்தங்கினோம். அன்று இரவு, இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் போல்ட் போட்டிருந்த, எடை கூட்டுவதற்கான பேலஸ்ட் தகடுகளில் ஒன்றை, 5 கிலோ தகட்டை, நான்தான் கழற்றினேன். இன்னும் 2 கிலோ மிச்சம் இருக்கிறது, போதும் என்று கணக்குப் போட்டேன். யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. விதிக்குள்தான் இருக்கிறோம் என்று மனசார நம்பினேன்.

ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் திரும்ப அளந்தோம். பட்டறைத் தரை கண்ணுக்குத் தெரியாத சரிவில் இருந்தது. அங்கே எங்கள் ஸ்கேல் 0.6 கிலோ கூடுதலாகக் காட்டியிருந்தது. நாங்கள் எடை பார்த்தபோது தொட்டியில் இருந்ததைவிட ஒன்றரை லிட்டர் பெட்ரோல் குறைவாகத்தான் பந்தய முடிவில் மிஞ்சியது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 1.1 கிலோ அங்கே போயிற்று. தம்பியைப் புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடை போட்டிருந்தோம். தீப்பிடிக்காத மூன்றடுக்கு உடைக்குள், ஏசி இல்லாத வண்டியில், சென்னை வெயிலில் அரை மணி நேரம் ஓட்டினால் வியர்வையிலும் எடை நன்றாக இறங்கும். அவனுக்கு 1.2 என்று கணித்தோம். டயர் ரப்பரும் பிரேக் பேடும் தேய்ந்தது 0.8. கூட்டினால் 3.7. கையில் வைத்திருந்தது 2.

இந்த நான்கில் எதுவும் தனியாக எங்களைக் கவிழ்த்திருக்காது. நான்கும் ஒரே திசையில் சேர்ந்ததுதான் வினை. நான் எடை போட்டது பந்தயத்துக்குப் புறப்படும் வண்டியை. அவர்கள் எடை போட்டது பந்தயத்தில் இருந்து திரும்பி வந்த வண்டியை. இரண்டும் ஒரே வண்டி இல்லை என்பது இருபது வருடம் ஸ்பேனர் பிடித்த எனக்கு அன்று உறைக்கவில்லை.

அந்த மாதம் ஊரில் கேட்ட பேச்சு நெஞ்சை அறுத்தது. "கள்ள வண்டி ஓட்டினாங்களாமே" என்று பழைய வாடிக்கையாளர் ஒருவரே கேட்டார். முடிவுத்தாளில் இருப்பது ஒரே சொல். விதிக்குப் புறம்பான இன்ஜின் வைத்தவனுக்கும் அதே சொல், கணக்குத் தவறியவனுக்கும் அதே சொல். இது நியாயமா என்று பல நாள் தூங்காமல் யோசித்திருக்கிறேன். இப்போது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். எடை மேடையால் எண்ணத்தை அளக்க முடியாது. அளக்க ஆரம்பித்தால் எல்லோருமே நல்ல எண்ணத்தோடுதான் வருவார்கள்.

அந்த நாட்களில் பழைய சம்பவங்களைத் தேடித்தேடிப் படித்தேன், பிறகு நடந்தவற்றையும் விடாமல் கவனித்து வருகிறேன். என் கதை அப்படியே பெரிய மேடையில் நடந்ததைப் பார்த்தது 2024 ஜூலையில். ஃபார்முலா 1-இன் பெல்ஜியம் ஸ்பா பந்தயத்தில் மெர்சிடிஸ் அணியின் ஜார்ஜ் ரஸ்ஸல் ஒரே ஒருமுறை டயர் மாற்றி, தேய்ந்த டயரோடு கடைசிவரை தாக்குப்பிடித்து முதலாவதாக வந்தார். பின்னால் வந்த சக ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனுக்கும் அவருக்கும் சுமார் அரை நொடிதான் இடைவெளி. எரிபொருளை வடித்துவிட்டு எடை பார்த்தபோது வண்டி 796.5 கிலோ. விதி 798. ஒன்றரைக் கிலோவில் வெற்றி ஹாமில்டனுக்குப் போய்விட்டது.

நீண்ட நேரம் ஒரே டயரில் ஓடியதால் ரப்பர் அதிகம் தேய்ந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. ஸ்பாவில் இன்னொன்றும் உண்டு. மற்ற பெரும்பாலான இடங்களில் பந்தயம் முடிந்ததும் ஓட்டுநர்கள் ஒரு முழுச் சுற்று மெதுவாக வருவார்கள். அப்போது ஓடுபாதை ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர்த் துணுக்குகள் மேல் ஓட்டினால் சூடான டயரில் அவை ஒட்டிக்கொள்ளும், எடையும் கொஞ்சம் கூடும். ஸ்பா நீளமான பாதை என்பதால் அங்கே அந்தச் சுற்று கிடையாது, முதல் திருப்பம் தாண்டியதும், அணிகள் வண்டியைக் கவனிக்கும் இடமான பிட் பக்கமாகத் திருப்பிவிடுவார்கள். உலகத்தின் மிகச் சிறந்த பொறியாளர்கள் இருக்கும் அணியிலும் சிறு சிறு கசிவுகள் ஒரே பக்கம் சேர முடியும் என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதலைவிட மரியாதைதான் கூடியது, அந்த எண்ணின் மேல்.

'ஒன்றரைக் கிலோவில் என்ன ஆகிவிடப் போகிறது' என்று அப்போது பலர் சொன்னார்கள். ஃபார்முலா 1-இல் 10 கிலோ எடைக்கு ஒரு சுற்றில் ஏறத்தாழ 0.3 நொடி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் ஒன்றரைக் கிலோவுக்குச் சுற்றுக்கு 0.045 நொடி. ஸ்பாவில் 44 சுற்று. மொத்தம் இரண்டு நொடி. வெற்றியின் இடைவெளியோ அரை நொடி. எங்கள் 1.7 கிலோவையும் இதே மாதிரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வந்தவரிடம், எங்கள் பந்தயம் முடிந்த வாரமே போனில் பேசியிருந்தேன். அந்தக் கோப்பை அவருடையதுதான் என்று சொன்னபோதுதான் என் மனசின் பாரம் கொஞ்சம் இறங்கியது.

எடையைப் போலவே ஆட்களைச் சாய்ப்பது வண்டியின் உயரம். 1994-இல் இத்தாலியின் இமோலா பந்தயத்தில் ஓட்டுநர் அயர்டன் சென்னா இறந்த பிறகு, வண்டிகள் தரையோடு தரையாக ஓடுவதைத் தடுக்க அடியில் ஒரு பலகை பொருத்த வேண்டும் என்று விதி வந்தது. அதே ஆண்டு ஸ்பாவில் வென்ற மைக்கேல் ஷூமாக்கர் அந்தப் பலகை அளவுக்கு மீறித் தேய்ந்ததால் வெற்றியை இழந்தார், அது டேமன் ஹில்லுக்குப் போனது. வண்டி சுழன்று ஓரக்கல்லில் ஏறியதால் தேய்ந்தது என்று பெனெட்டன் அணி சொன்னதை ஸ்டூவர்ட்கள் ஏற்கவில்லை. இப்போதைய கணக்கில் அந்தப் பலகை புதிதாக 10 மில்லிமீட்டர், தேய்ந்த பிறகு 9-க்குக் குறையக்கூடாது.

2023 அமெரிக்க பந்தயம் ஆஸ்டினில் நடந்தது. மேடு பள்ளமான பாதை, ஒரு குறும்பந்தயமும் கூடவே நடக்கும் ஸ்பிரிண்ட் வாரம் என்பதால் ஒரே ஒரு பயிற்சி அமர்வு, அதற்குப் பிறகு வண்டியின் அமைப்பை மாற்ற அனுமதி இல்லை. பந்தய முடிவில் நான்கு வண்டிகளின் பலகையைப் பார்த்தார்கள். இரண்டு தோற்றன: இரண்டாவதாக வந்த ஹாமில்டனும் ஆறாவதாக வந்த ஷார்ல் லெக்லெரும். 2025 நவம்பரில் லாஸ் வேகாஸில் இரண்டாவதாக வந்த லாண்டோ நாரிஸும் நான்காவதாக வந்த ஆஸ்கர் பியாஸ்ட்ரியும் இதே பலகைக்காக நீக்கப்பட்டார்கள். நாரிஸ் வண்டியில் ஓர் இடத்தில் 0.12 மில்லிமீட்டர் குறைவு. உலகப் பட்டத்துக்கு நடந்த போட்டியின் நடுவே அவர் இழந்தது 18 புள்ளி. கடைசியில் பட்டத்தை வென்றார், ஆனால் வெறும் 2 புள்ளி வித்தியாசத்தில்.

ஆஸ்டினிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: பயிற்சி நேரம் குறைந்த இடத்தில், முன்பின் தெரியாத பாதையில் விளிம்புக்குப் போகாதே. எங்கள் வண்டிகளில் பலகை கிடையாது, ஆனால் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளிக்கு விதி உண்டு. டயர் தேய்ந்தால் வண்டி இறங்கும். வெள்ளிக்கிழமை சூடான டயரில் பயிற்சி முடிந்து பிட்டுக்குள் வந்ததும், காற்றழுத்தத்தைத் தொடாமல், ஓட்டுநரை இறக்காமல், உடனே உயரம் பார்ப்போம். புது டயரில் பட்டறையில் எடுத்த அளவை ஞாயிற்றுக்கிழமைக்கு நம்புவதில்லை.

2025 சீனப் பந்தயத்தை எங்கள் பையன்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தேன். ஒரே நாளில் மூன்று வண்டிகள் நீக்கம். ஹாமில்டனுக்குப் பலகை, லெக்லெருக்கும் பியர் காஸ்லிக்கும் எடை, இருவருக்கும் ஒரு கிலோ குறைவு. லெக்லெரின் முன் இறக்கை முதல் சுற்றிலேயே உடைந்திருந்தது. உடைந்து விழுந்ததால் எடை குறைந்தது என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் முழு இறக்கை ஒன்றைப் பொருத்தித்தான் எடை பார்த்தார்கள். பாகம் உடைந்தால் எப்படி அளப்பார்கள் என்பது உங்கள் போட்டியின் விதியில் எங்காவது எழுதியிருக்கும். முன்னாலேயே தேடிப் படித்து வையுங்கள். பம்பர் போன பிறகு தேடினால் பதற்றத்தில் எழுத்தே கண்ணில் படாது.

எரிபொருள் விஷயத்தில் எனக்கு மறக்காதது 2021 ஹங்கேரி. இரண்டாவதாக வந்த செபாஸ்டியன் வெட்டல் நீக்கப்பட்டார். சோதனைக்கு ஒரு லிட்டர் எடுக்க வேண்டும், வண்டியில் இருந்து 0.3 லிட்டர்தான் எடுக்க முடிந்தது. அணியின் கணக்கில் தொட்டிக்குள் போதுமான அளவு இருந்தது. இருப்பது வேறு, வெளியே எடுக்க முடிவது வேறு. அதைப் படித்த வாரமே எங்கள் வண்டித் தொட்டியைப் பம்ப் காற்றிழுக்கும்வரை வடித்து, அடியில் எவ்வளவு சிக்கிக்கொள்கிறது என்று அளந்தோம். அந்த அளவு இப்போது தொட்டி மேலேயே பெயின்ட்டில் எழுதியிருக்கிறது.

விதியின் வாசகத்தை நமக்கு வசதியாகப் படிப்பது இன்னொரு பள்ளம். 2005 இமோலாவில் ஜென்சன் பட்டன் மூன்றாவதாக வந்தார். பி.ஏ.ஆர். (BAR) அணியின் அந்த வண்டியில் பிரதானத் தொட்டிக்குள்ளேயே இன்னொரு அறை இருந்தது. அதையும் வடித்தபோது எடை 600 கிலோ விதிக்குக் கீழே 5 கிலோவுக்கு மேல் இறங்கியது. தொட்டியில் எப்போதும் தங்கும் எரிபொருளும் வண்டியின் எடையில் சேரும் என்பது அணியின் வாதம். முதலில் ஸ்டூவர்ட்கள் விட்டுவிட்டார்கள், மேல்முறையீட்டில் நிற்கவில்லை. முடிவுகள் ரத்து, கூடவே இரண்டு பந்தயங்களுக்குத் தடை. சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் இப்போது சீசன் தொடங்கும் முன்பே கேட்டு, பதில்களைக் கோப்பில் போட்டு வண்டியோடு எடுத்துப்போகிறேன். வாய்மொழியாக ஒருவர் 'பரவாயில்லை' என்று சொன்னது விசாரணை அறையில் நிற்காது.

மறுபக்கமும் உண்டு. 1999 மலேசியப் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த ஃபெராரி வண்டிகள் பக்கத் தகட்டின் அளவுக்காக நீக்கப்பட்டு, பாரிஸில் நடந்த மேல்முறையீட்டில் முடிவைத் திரும்பப் பெற்றன. எப்படி அளந்தார்கள், எவ்வளவு விலகல் அனுமதி என்பதுதான் அங்கே தீர்மானித்தது. அதனால் அளவை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, எந்தக் கருவியால், எந்த நிலையில், எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

அன்று அந்த அறைக்குள் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பலர் இன்னும் பெரிய சேதத்தை வாங்கிக்கொள்கிறார்கள். எனக்குக் கோபம் இருந்தது. பட்டறைப் பையன் ஒருவன் பார்க் ஃபெர்மே அடைப்புக்குள் கையை நீட்டி வண்டியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனான், எட்டிப் பிடித்து நிறுத்தினேன். அதை எடுத்திருந்தால் அதுவே தனிக் குற்றம். உள்ளே இரண்டே கேள்வி கேட்டேன்: மேடை எப்போது சரிபார்க்கப்பட்டது, எடைச்சீட்டின் நகல் கிடைக்குமா. இரண்டுக்கும் பதில் கிடைத்தது. எதிர்ப்பு மனுவோ மேல்முறையீடோ செய்ய நேரம் மிகக் குறைவு. சர்வதேச விதித் தொகுப்பில் முடிவு வெளியானதிலிருந்து எதிர்ப்புக்கு 30 நிமிடம், தீர்ப்பு வந்ததிலிருந்து மேல்முறையீட்டு அறிவிப்புக்கு ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்குள் கத்திக்கொண்டிருந்தால் யோசிக்க முடியாது. நான் மேல்முறையீடு செய்யவில்லை. கல் 20.0 காட்டியதை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

அடுத்த வருடம் கோவையில் ஒரு கார்ட்டிங் போட்டியில் ஸ்க்ரூட்டினி மேசையில் உதவிக்கு நின்றேன். எல்லா மெக்கானிக்கும் ஒருமுறையாவது அதைச் செய்ய வேண்டும். பத்து வயதுப் பையன் ஒருவனின் வண்டி எடை குறைந்தபோது, அவன் அப்பாவிடம் சொல்வதற்கு முன் எங்களில் மூன்று பேர் மாறி மாறி மேடையைத் துடைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏற்றிப் பார்த்தோம். அந்த எண் மாறட்டும் என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது எங்கள் பட்டறையில் முறை மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை போட்டியின் எடை மேடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்போம். அங்கே கிடைக்கும் எண்தான் எண், எங்கள் ஸ்கேல் அதற்கு எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்பதை நோட்டில் எழுதிக்கொள்வோம். ஓட்டுநரை உடை, ஹெல்மெட்டோடு, பயிற்சி முடிந்து வியர்த்து இறங்கிய பிறகுதான் எடை போடுவோம். டயர் செட்டைப் பந்தயத்துக்கு முன்னும் பின்னும் தனியாக எடை பார்ப்போம். பேலஸ்ட் தகட்டைக் கழற்றுவதென்றால் என் கையெழுத்தும் இன்னொருவர் கையெழுத்தும் நோட்டில் இருக்க வேண்டும், இரவு எட்டு மணிக்கு மேல் கழற்றக்கூடாது. கடைசி விதி எனக்காகவே போட்டது. களைப்பும் ஆசையும் சேர்ந்த நேரத்தில்தான் நான் அந்த போல்ட்டைத் திருகினேன்.

திரும்பி வரும் வண்டி விதியைவிடக் குறைந்தது 3 கிலோ அதிகம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அந்த 3 கிலோ இலவசம் இல்லை. இரண்டு வருடம் கழித்து அதே இருங்காட்டுக்கோட்டையில், அதே தம்பி, பத்துச் சுற்றுப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான். இடைவெளி 0.4 நொடி. எடை மேடையில் எங்கள் எண் விதிக்கு மேலே 3.6 கிலோ.

பேடாக்கில் வண்டியை டிரெய்லரில் ஏற்றும்போது அவன் கேட்டான்: "ஏனுங்ணா, அந்தத் தகடு இல்லாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பமா?"

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஜெயித்திருக்கலாம். அப்படியே அவனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு பட்டையை இறுக்க டிரெய்லரின் மறுபக்கம் போனான். அவன் அப்பா இரண்டாம் பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வேனின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்வரை அதைக் கீழே வைக்கவில்லை.